சிவப்பைத் தாண்டிப் போன மின்சார ரயில்

கேள்வி: அன்புள்ள ஐயா, பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். சனி, ஞாயிறுகளில் குரோம்பேட்டை நடைமேம்பாலத்தில் நின்று ரயில் பார்ப்பேன். போன மாதம் மதியம் ஒரு மின்சார ரயில் சிவப்பு சிக்னல் முன்னால் வந்து நின்றது. ஒரு நிமிடம் போல இருக்கும். சிவப்பு மாறவே இல்லை, ஆனால் ரயில் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. வீடியோ அனுப்பியிருக்கிறேன். புகார் கொடுக்கலாமா? ஒற்றை மஞ்சளுக்கும் இரட்டை மஞ்சளுக்கும் என்ன வித்தியாசம்? சிக்னல் தலைக்கு மேல் சாய்வாக எரியும் வெள்ளை விளக்குகள் எதற்கு? விருத்தாசலம் பக்கம் எங்கள் ஊர் ஸ்டேஷனில், சிக்னலைப் பார்த்தே எந்த ரயில் நிற்கும், எது நிற்காது என்று சொல்லிவிட முடியுமா? கடைசியாக ஒன்று: நான் கண்ணாடி போட்டிருக்கிறேன். லோகோ பைலட் ஆக முடியுமா?

பதில்: அன்புள்ள தம்பி,

முதலில், புகார் கொடுத்துவிடாதீர்கள். அந்த மோட்டார்மேன் செய்தது விதிப்படி சரி. உங்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தக் கம்பத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தகடு, அதில் கறுப்பில் ஆங்கில ‘ஏ’ எழுத்து. வீடியோவில் நண்பர்களோடு நீங்கள் சண்டை போட்டதெல்லாம் விளக்கைப் பற்றி. தகட்டை ஒருவரும் பார்க்கவில்லை. 34 வருடம் சிக்னல் பிரிவில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், ரயில் சிக்னல் சொல்வதில் பாதிதான் விளக்கில் இருக்கும். மீதி கம்பத்தில் இருக்கும்.

‘ஏ’ என்றால் ஆட்டோமேட்டிக். சென்னை கடற்கரை–தாம்பரம் தடத்தில் நீங்கள் பார்க்கும் பல சிக்னல்களை எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் போடுவதில்லை, எடுப்பதில்லை. ரயிலே போட்டுக்கொள்கிறது. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே மிகக் குறைந்த வோல்ட் மின்சாரம் கொடுத்திருப்போம். ஒரு முனையில் மின்சாரம் போகும், மறுமுனையில் ரிலே என்ற மின்காந்தச் சுவிட்ச் அதை வாங்கி மேலே தூக்கி நிற்கும். ரயில் அந்தத் துண்டில் ஏறியதும் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் குறுக்கே இணைத்துவிடும். மின்சாரம் அந்தக் குறுக்கு வழியிலேயே திரும்பிவிடும், ரிலேக்குப் போய்ச் சேராது. ரிலே விழும், பின்னால் இருக்கும் சிக்னல் சிவப்பாகும். இதற்குப் பெயர் ட்ராக் சர்க்யூட். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872-இல் கண்டுபிடித்தது. ரயில் இருப்பதைச் சக்கரங்களை எண்ணிக் கண்டுபிடிக்கும் ஆக்ஸில் கவுன்ட்டர்களும் இப்போது நிறைய வந்துவிட்டன. ஆனாலும் 150 வருடத்துக்கு முந்தைய அந்த யோசனை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ரிலே ‘விழுந்தால்’ சிவப்பு. மின்சாரம் போனாலும் விழும், கம்பி அறுந்தாலும் விழும். என்ன கோளாறு வந்தாலும் சிவப்புப் பக்கமே சாயும்படி அமைத்த ஏற்பாடு அது. அதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் ‘சிக்னல் கோளாறு’ என்று நீங்கள் ஸ்டேஷனில் அறிவிப்பு கேட்கிறீர்கள். ஜல்லியில் தண்ணீர் நின்றால், நின்ற தண்ணீரே ரயில் சக்கரம் போல மின்சாரத்தைக் குறுக்கே கசியவிடும். ரிலே விழும். ரயிலே இல்லாத தடம் ‘ரயில் இருக்கிறது’ என்று காட்டும். நாங்கள் ‘ட்ராக் ட்ராப்’ என்போம். ஒரு ஐப்பசி இரவு, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொரு ஜாயின்ட்டாக மீட்டர் வைத்துப் பார்த்துப் போனேன். விடியும்போது மழை நின்றது, தண்ணீர் வடிந்தது, ட்ராக்கும் தானாகவே சரியாகிவிட்டது. என்ன பழுது என்று எழுதச் சொல்லி மேலதிகாரி கேட்டார். “மழை” என்று எழுதிக் கொடுத்தேன்.

சரி, உங்கள் மோட்டார்மேனுக்கு வருவோம். ‘ஏ’ தகடு உள்ள கம்பத்தில் சிவப்பு எரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, முன்னால் ரயில் நிற்கிறது. இன்னொன்று, ட்ராக் ட்ராப். எது என்று மோட்டார்மேனுக்குத் தெரியாது. கேட்க அங்கே ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லை. அதற்காக நாள் முழுக்க நிற்கவும் முடியாது. அதனால் விதி இப்படிச் சொல்கிறது: பகலில் 1 நிமிடம், இரவில் 2 நிமிடம் நில். அப்போதும் சிவப்பு மாறாவிட்டால் விசில் கொடு, பின்னால் இருக்கும் கார்டுக்குத் தெரியப்படுத்து, பிறகு ஊர்ந்து போ. (2022-லிருந்து கார்டை ட்ரெயின் மேனேஜர் என்கிறார்கள், என் வாயில் இன்னும் நுழையவில்லை.) முன்னால் எது தென்பட்டாலும் அதற்கு முன் நிறுத்திவிடக்கூடிய வேகத்தில்தான் போக வேண்டும். இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஊர்ந்து போகும்போது அடுத்த சிக்னல் தூரத்தில் பச்சையாகத் தெரிந்தாலும் வேகம் கூட்டக் கூடாது. அந்தப் பச்சைக் கம்பத்தை எட்டும்வரை ஊர்ந்தபடியேதான். அந்தப் பச்சை தனக்கு அப்பால் உள்ள தடத்தைப் பற்றித்தான் பேசுகிறது. நாம் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் துண்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

வீடியோவில் 1 நிமிடம் 8 நொடி நிற்கிறார், ஹாரன் கொடுக்கிறார், பிறகு ஊர்கிறார். நல்ல மோட்டார்மேன்.

இதே சிவப்பு, தகடு இல்லாத கம்பத்தில் எரிந்தால் கதையே வேறு. அதை ஒரு அடி தாண்டினாலும் பெரிய குற்றம், விசாரணை, வேலைக்கே ஆபத்து. எழுத்துமூலம் அனுமதி போன்ற முறையான ஏற்பாடு இல்லாமல் அசையவே கூடாது. ஏனென்றால் அந்த மாதிரி சிக்னலுக்கு அப்பால் பாயின்ட் (தடம் பிரியும் இடம்) இருக்கும், குறுக்கே வேறு ரயில் வர வழி இருக்கும், அல்லது அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நீளும், ஒரு நேரத்தில் ஒரு ரயில் மட்டுமே போகக்கூடிய பிளாக் செக்‌ஷன் இருக்கும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு ஜாதியும் உண்டு. கறுப்புப் பின்னணியில் ‘ஏ’ எழுத்து விளக்காகவே எரியும். சில நேரம் எரியும், சில நேரம் அணைந்திருக்கும். எரிந்தால் ஆட்டோமேட்டிக், அணைந்தால் சாதாரண சிக்னல். பாயின்ட் இருக்கும் இடங்களில் வைப்பார்கள். தாம்பரம் போகிற வழியில் கவனித்துப் பாருங்கள். ‘ஏ’ அணைந்து சிவப்பு எரிகிறதா? ரயில் ஒரு நிமிடத்தில் கிளம்பாது. போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

மற்ற தகடுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை வட்டத்தில் கறுப்பு ‘பி’ இருந்தால் அது டிஸ்டன்ட், வரப்போகும் சிக்னலை முன்கூட்டியே சொல்ல நிற்பது. அதில் சிவப்பே கிடையாது. மஞ்சள் வட்டத்தில் ‘ஜி’ இருந்தால் லெவல் கிராசிங் கேட்டைக் காக்கும் சிக்னல். வெள்ளை வட்டத்தில் ‘சி’ இருந்தால் காலிங்-ஆன், பெரிய சிக்னலுக்குக் கீழே குட்டியாகத் தொங்கும். பெரிய சிக்னலில் சிவப்பு எரியும்போதே ரயிலை மெதுவாக உள்ளே அழைக்க அது. எரியும்போது சின்னதாக ஒரு மஞ்சள், மற்ற நேரத்தில் விளக்கே இருக்காது.

யூடியூபில் அமெரிக்க ரயில் வீடியோ பார்க்கிறவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன். அங்கேயும் கம்பத்தைத்தான் படிக்க வேண்டும். பொதுவாக, கம்பத்தில் எண் பலகை இருந்தால், சிவப்பைக் கண்ட ரயில் கட்டுப்பட்ட வேகத்தில் தாண்டலாம். எண் பலகை இல்லாத கம்பம் என்றால் நின்றே ஆக வேண்டும். அங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. மேலே சிவப்பும் கீழே பச்சையும் சேர்ந்து எரியும். அது ‘நில்’ அல்ல. கிளைத் தடத்தில் திரும்பிப் போகலாம் என்ற அனுமதி. அதையே ஒரு கம்பெனியின் விதிப்புத்தகம் ஒரு பெயரில் சொல்லும், இன்னொரு கம்பெனி வேறு பெயரில் சொல்லும். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் ஊர் சிக்னலுக்கு அர்த்தம் சொல்லாதீர்கள். உங்கள் நண்பர் ஒருவர் அதைத்தான் செய்திருக்கிறார் என்பது வீடியோவில் கேட்கும் பேச்சிலிருந்து தெரிகிறது.

இப்போது மஞ்சள். நம் சிக்னல் விளக்குகள் ரயிலிடம் ‘இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போ’ என்று சொல்வதில்லை. அடுத்த சிக்னலில் என்ன காத்திருக்கிறது என்றுதான் சொல்கின்றன. ஒற்றை மஞ்சள்: அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா. இரட்டை மஞ்சள்: அடுத்த சிக்னலை வேகம் குறைத்துத் தாண்டத் தயாராக வா. தாம்பரம் தடம் மாதிரி நான்கு நிலை ஆட்டோமேட்டிக் தடத்தில் கணக்கு இன்னும் எளிது. ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்தது சிவப்பு, இரட்டை மஞ்சள் என்றால் அடுத்தது ஒற்றை மஞ்சள். ‘ஒரு மஞ்சளே எச்சரிக்கை, அப்படியானால் இரண்டு மஞ்சள் இன்னும் பெரிய எச்சரிக்கைதானே’ என்று எல்லோரும் நினைப்பார்கள். தலைகீழ். இரண்டு எரிவதுதான் தாராளம், ஒன்று எரிவதுதான் கறார்.

ஏன் அப்படி வைத்தார்கள்? இரட்டை மஞ்சளில் ஒரு விளக்கு ஃபியூஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லோகோ பைலட் கண்ணுக்கு ஒற்றை மஞ்சளாகத் தெரியும். தேவைக்கு மேல் வேகத்தைக் குறைப்பார், அவ்வளவுதான், ஆபத்தில்லை. மாற்றி வைத்திருந்தால் நினைத்துப் பாருங்கள். முழுக்க அணைந்த சிக்னலுக்கும் இதே நியாயம்தான். அந்தச் சிக்னலில் எது மிகக் கறாரான நிலையோ அது எரிவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வெள்ளை விளக்குதான் ‘போகலாம்’. சிவப்புக் கண்ணாடி உடைந்தால் உள்ளே இருக்கும் விளக்கு வெள்ளையாகத் தெரியும், நிற்க வேண்டியவன் போய்விடுவான். அதனால்தான் வெள்ளையைக் கைவிட்டுப் பச்சைக்கு வந்தார்கள்.

அடுத்த முறை நான்கு விளக்கு சிக்னலைப் பார்த்தால் வரிசையையும் பாருங்கள். மேலிருந்து மஞ்சள், பச்சை, மஞ்சள், சிவப்பு. இரண்டு மஞ்சளையும் அடுத்தடுத்து வைத்தால் தூரத்திலிருந்து ஒன்றாகக் கலந்து தெரியும். நடுவில் பச்சையை நுழைத்துப் பிரித்திருக்கிறார்கள். சிவப்பு அடியில் இருப்பதால் ஓட்டுபவர் கண் மட்டத்துக்கு அதுதான் கிட்டே.

வெள்ளை விளக்குகள், நாங்கள் ‘ரூட் லைட்’ என்போம். ஐந்து விளக்கு ஒரே கோட்டில், இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்து எரியும். ரயில் எந்தப் பக்கம் பிரியப் போகிறது என்று காட்டுவது அது. நேராக மெயின் லைனில் போகிற ரயிலுக்கு ரூட் லைட் எரியாது. ஐந்தில் குறைந்தது மூன்று எரிந்தால்தான் கணக்கில் சேர்த்தி. ரயிலை ஸ்டேஷனுக்குள் விடும் ஹோம் சிக்னலில் ஒற்றை மஞ்சளும் இடப்பக்க ரூட் லைட்டும் எரிந்தால், ரயில் மெயின் லைனிலிருந்து பிரியும் இடப்பக்க லூப் லைனுக்குப் போகிறது. பாயின்ட்டில் திரும்பும்போது வேகம் குறைய வேண்டும். 12-க்கு 1 என்ற சாய்வுள்ள பாயின்ட் என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், 8.5-க்கு 1 என்றால் 15. அதற்காகத்தான் முந்தைய சிக்னலில் இரட்டை மஞ்சள் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வேகமாக வரும் ரயில் நின்று முடிக்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தடம் வேண்டும். பாயின்ட்டுக்குப் பக்கத்தில் வந்தபின் சொல்லி என்ன பயன்?

உங்கள் ஊர் ஸ்டேஷன் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது விளக்கெல்லாம் இரவுக்குத்தான். பகலில் கைகாட்டி. “கைகாட்டி இறங்கிடுச்சு” என்று யாராவது கத்தினால் டீக்கடை பெஞ்சு காலியாகும், கேட்டில் நிற்கும் மாட்டு வண்டிக்காரர் பீடியைப் பற்ற வைப்பார். கை கிடைமட்டமாக இருந்தால் நில், கீழே சாய்ந்தால் ரயில் வருகிறது. ஊரில் எல்லோருக்கும் சிக்னல் படிக்கத் தெரிந்திருந்தது. விளக்கு சிக்னல் வந்தபின் அது போய்விட்டது. இப்போது எல்லோரும் ஆப் பார்க்கிறார்கள்.

பிளாட்பாரத்தில் நின்றால் ஹோம் சிக்னலின் முகம் உங்களுக்குத் தெரியாது. அது வரும் ரயிலைப் பார்த்து நிற்கிறது, உங்களுக்கு முதுகுதான். உங்களுக்கு முகம் காட்டுவது, ரயில் புறப்பட்டுப் போகும் திசையில் பிளாட்பார முனையில் நிற்கும் ஸ்டார்ட்டர். அதற்கு அப்பால் அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டர். இந்த இரண்டையும் கவனித்தால் போதும். ஒரு ரயிலை நிறுத்தாமல் மெயின் லைனில் அனுப்ப வேண்டுமென்றால், ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர், அதாவது ரயிலை அனுப்பலாம் என்ற சம்மதம், வாங்குவார். பிறகுதான் அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டரும் ஸ்டார்ட்டரும் பச்சையாகும். அவை ஆனபின்தான் ஹோம் பச்சையாக முடியும். அதாவது ரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அது வரப்போவதை ஸ்டார்ட்டர் சொல்லிவிடும்.

லூப்பில் ஒரு கூட்ஸ் நின்றுகொண்டிருக்கிறது, மெயின் லைன் ஸ்டார்ட்டர் பச்சையாகிறது என்றால் கேமராவை எடுங்கள். கூட்ஸை ஓரங்கட்டிவிட்டு எக்ஸ்பிரஸ் ஒன்று முந்தப் போகிறது. ரயில் வரும் நேரமாகியும் ஸ்டார்ட்டர் சிவப்பாகவே இருந்தால், வருகிற ரயில் நின்றாக வேண்டும். ஆனால் மறுபக்கம் இது செல்லாது. பச்சை என்பதால் ரயில் நிற்காது என்று சொல்லிவிட முடியாது. தடம் காலியாக இருந்தால், நிற்க வேண்டிய பாசஞ்சருக்கும் முன்கூட்டியே பச்சை போட்டு வைப்பார்கள். சிவப்பை வைத்துப் பந்தயம் கட்டலாம், பச்சையை வைத்துக் கட்டாதீர்கள். குரோம்பேட்டையில் இந்த வித்தையே பலிக்காது. அங்கே ஆட்டோமேட்டிக் சிக்னலுக்குப் பச்சைதான் இயல்பு நிலை. ரயில் தாண்டினால் சிவப்பாகும், விலகிப் போகப் போக மஞ்சள், இரட்டை மஞ்சள், மறுபடியும் பச்சை. அங்கே சிக்னல், போன ரயிலைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் ஊரில், வரும் ரயிலைப் பற்றிப் பேசுகிறது.

வீடியோவின் கடைசியில் எக்ஸ்பிரஸ் வரும்போது நீங்கள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுகிறீர்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பகலில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவது, ரயில்வே விதியில் ‘ஆபத்து, நிறுத்து’ என்ற கை சிக்னல். இரவில் வெள்ளை விளக்கை வேகமாக ஆட்டினாலும் அதே அர்த்தம், உங்கள் போன் டார்ச்சும் சேர்த்துத்தான். கை அசைக்க ஆசையென்றால் ஒரு கையைத் தோள் உயரத்தில் அசையுங்கள், பெரும்பாலும் பதிலுக்கு ஹாரன் கிடைக்கும். தண்டவாளத்தில் இறங்கி சிக்னல் தகட்டைப் படம் எடுக்கும் எண்ணமும் வேண்டாம். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் அத்துமீறி நுழைவதற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நடைமேம்பாலத்திலிருந்து ஜூம் போட்டாலே தகடு நன்றாகத் தெரிகிறது, உங்கள் வீடியோவே சாட்சி.

கடைசிக் கேள்வி. உதவி லோகோ பைலட் வேலைக்கு ஏ-1 என்ற மருத்துவத் தகுதி வேண்டும். கண்ணாடி இல்லாமலே இரண்டு கண்ணும் 6/6 இருக்க வேண்டும், நிறம் பிரித்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஓடும் வண்டியில் லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது, அந்த அளவுக்குக் கண்தான் அங்கே எல்லாம். லேசர் சிகிச்சை செய்துகொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பார்வையைச் சரிசெய்ய லேசிக் செய்தவர்களை இந்த வேலைக்கு எடுப்பதில்லை. தேர்வெல்லாம் தேறி மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உங்களுக்கு அந்தக் கதவு இல்லை, வருத்தம்தான். ஆனால் பொறியியல் படிக்கிறீர்கள். ஜூனியர் இன்ஜினியர் தேர்வில் சிக்னல் பிரிவு இருக்கிறது. அங்கே கண்ணாடி போட்டவர்களுக்கும் இடம் உண்டு, நானே போட்டிருந்தேன். அறிவிப்பு வந்ததும் மருத்துவத் தகுதி என்ற வரியை முதலில் படித்துவிட்டு, அப்புறம் பணம் கட்டுங்கள்.